பர்மியரும் பிரெஞ்சு வம்சாவளியினரும்: ஒரே அட்டவணையில் இரண்டு காலங்கள்

அமெரிக்காவில் வாழும் வம்சாவளிச் சமூகங்களை வருமானம், வறுமை, சொந்த வீடு, படிப்பு என்று வரிசைப்படுத்தும் அட்டவணைகளில் பர்மியரும் பிரெஞ்சு வம்சாவளியினரும் சில நேரங்களில் அருகருகே வைத்து ஒப்பிடப்படுகிறார்கள். பார்ப்பவருக்கு அது ரங்கூனையும் பாரிஸையும் தராசின் இரு தட்டுகளில் வைத்த கணக்காகத் தோன்றும். ஆனால் ஒரு தட்டில் இருப்பவர்களில் பெரும்பாலோர் கடந்த இருபது ஆண்டுகளுக்குள் அகதியாக வந்து இறங்கியவர்கள் அல்லது அவர்களுடைய பிள்ளைகள். மறு தட்டில் இருப்பவர்களோ, கொள்ளுத்தாத்தா கனடாவின் பிரெஞ்சு மொழி மாகாணமான கியூபெக்கிலிருந்து எந்த ஆண்டில் ரயிலேறினார் என்பதையே மறந்துபோனவர்கள். எனவே இந்த ஒப்பீட்டில் இனத்தைப் பற்றிய செய்தி குறைவு. எப்போது வந்தார்கள், எந்த வாசல் வழியாக வந்தார்கள் என்பதைப் பற்றிய செய்தியே அதிகம் என்று நான் கருதுகிறேன்.

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம். பியூ ஆய்வு மையம் கணக்கெடுப்புத் தரவுகளிலிருந்து தொகுத்தபடி, 2019-இல் அமெரிக்காவில் பர்மிய வம்சாவளியினர் சுமார் 1.9 லட்சம் பேர். அவர்களுடைய இடைநிலைக் குடும்ப வருமானம், அதாவது எல்லாக் குடும்பங்களையும் வருமான வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்கும் குடும்பத்தின் ஆண்டு வருமானம், 44,400 டாலர். அதே ஆண்டில் அமெரிக்கக் குடும்பங்கள் அனைத்துக்குமான இடைநிலை 61,800 டாலர். ஆசிய வம்சாவளியினருக்கு 85,800 டாலர். இந்திய வம்சாவளியினருக்கு 1,19,000 டாலர். அந்தத் தொகுப்பில் இடம்பெற்ற 19 ஆசியப் பிரிவுகளில் கடைசி இடம் பர்மியருக்கே. பிரெஞ்சு வம்சாவளியினரின் நிலை பரபரப்பற்றது: நாட்டின் இடைநிலையை ஒட்டியும் சற்று மேலேயும் நிற்பவர்கள், வயதில் மூத்தவர்கள், பெரும்பாலும் சொந்த வீட்டில் வாழ்பவர்கள்.

பர்மியரின் எண்ணைத் தனியே வாசித்தால் ஒரு விஷயம் நழுவிவிடும். அதே மையம் சில ஆண்டுகளுக்கு முன்பு, 2015-ஐ ஒட்டி வெளியிட்ட தொகுப்பில் பர்மியரின் இடைநிலைக் குடும்ப வருமானம் 36,000 டாலராகவும், வறுமை விகிதம் 35 விழுக்காடாகவும் இருந்தன. இடைப்பட்ட விலைவாசி உயர்வைக் கழித்த பிறகும், நான்கு ஆண்டுகளில் வருமானம் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூடியிருக்கிறது. சிறிய சமூகம் என்பதால் மாதிரிப் பிழைக்கு இடம் உண்டு. ஆயினும் ஏறுமுகம் என்பதில் ஐயம் வேண்டியதில்லை. கடைசி வரியில் இருப்பது வேறு, கடைசி வரியிலேயே தேங்கிக் கிடப்பது வேறு.

இந்தப் பெயர்களுக்குள் யார் அடங்குகிறார்கள் என்ற கேள்வி அடுத்தது. அமெரிக்கக் கணக்கெடுப்புப் படிவத்தில் 'பர்மியர்' என்பது பெரும்பாலும் இனம் குறித்த கேள்வியில், 'பிற ஆசியர்' என்ற கட்டத்தை அடுத்துக் கையால் எழுதப்படும் சொல். 'பிரெஞ்சு' என்பது அதனின்றும் வேறான வம்சாவளிக் கேள்விக்கு மக்கள் தாமாக எழுதும் விடை. அதிலும் ஒருவர் எழுதும் இரண்டு விடைகள் வரை ஏற்கப்படுவதால், பாதி ஐரிஷ், பாதி பிரெஞ்சு என்று எழுதியவரும் பிரெஞ்சுக் கணக்கில் வருவார். 'பிரெஞ்சு கனடியர்' தனி வகை. 'கேஜன்' இன்னொரு வகை.

இந்த விடைகள் எவ்வளவு இளகியவை என்பதற்குக் கேஜன்களே சான்று. கனடாவின் அகாடியாவிலிருந்து 1755-இல் தொடங்கி ஆங்கிலேயரால் விரட்டப்பட்டு, லூசியானாவின் சதுப்பு நிலங்களில் குடியேறிய பிரெஞ்சு மக்களின் வழிவந்தவர்கள் அவர்கள். 1990 கணக்கெடுப்பில் தம்மை அகாடியர் அல்லது கேஜன் என்று எழுதியவர்கள் ஆறரை லட்சத்துக்கும் மேல். 2000-இல் அந்த எண்ணிக்கை ஒரு லட்சத்துக்கும் கீழே விழுந்தது. கொள்ளைநோயும் இல்லை, குடிபெயர்வும் இல்லை. 1990 படிவத்தில் கேள்விக்குக் கீழே எடுத்துக்காட்டாக அச்சிட்டிருந்த பெயர்களில் 'கேஜன்' இருந்தது. 2000 படிவத்தில் அது இடம்பெறவில்லை. ஒரு சொல்லை அச்சிடாமல் விட்டதில் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோர் வேறு பெயர்களுக்குள் கரைந்துபோனார்கள். அப்படிப்பட்ட பெயருக்குக் கீழே எழுதப்படும் இடைநிலை வருமானத்தை எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது என்பதை வாசகரே முடிவு செய்துகொள்ளலாம்.

தமிழ் வாசகருக்கு இதைப் புரிந்துகொள்ள ஒரு குறுக்குவழி உண்டு. 1962-இல் பர்மாவில் ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்துக் கடைகளையும் வங்கிகளையும் அரசுடைமையாக்கிய பின், அந்நாட்டை விட்டு வெளியேறிய இந்தியர் லட்சக்கணக்கானோர். அவர்களில் தமிழர் கணிசமானவர்கள். சென்னையின் பர்மா பஜாரும், பல ஊர்களில் உள்ள பர்மா காலனிகளும் அந்த வெளியேற்றத்தின் அடையாளங்கள். ரங்கூனில் பிறந்த ஒரு தமிழர் பின்னாளில் அமெரிக்கா சென்றிருந்தால், பிறந்த நாட்டுக் கணக்கில் அவர் பர்மாக்காரர். இனக் கணக்கில் இந்தியர். புதுச்சேரியில் பிறந்து பிரெஞ்சுக் குடியுரிமையோடு பாரிஸ் சென்று, அங்கிருந்து அமெரிக்கா போன தமிழரோ, கடவுச்சீட்டில் பிரெஞ்சுக்காரராக இருந்தும் இந்த அட்டவணையின் பிரெஞ்சு வரியில் எங்கும் தென்படமாட்டார்.

பர்மியர் என்ற பெயருக்குள்ளும் ஒரே மக்கள் இல்லை. 1960களிலும் 1970களிலும் வந்தவர்கள் பெரும்பாலும் நகரத்துச் சீன பர்மியர், ஆங்கிலோ பர்மியர், மருத்துவர்கள், பொறியாளர்கள். 1965-இன் குடியேற்றச் சட்டம் திறந்த கதவு வழியே வந்து, சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்திலும் லாஸ் ஏஞ்சலஸிலும் நியூயார்க்கிலும் காலூன்றினார்கள். அவர்களை மட்டும் எடுத்துக் கணக்கிட்டால் பட்டியலில் பர்மியரின் இடம் வெகு உயரத்துக்குப் போய்விடும். ராணுவ ஆட்சிக்கு எதிரான 1988 எழுச்சி நசுக்கப்பட்ட பின் சிறு எண்ணிக்கையில் மாணவர்களும் அரசியல் அகதிகளும் வந்தார்கள். இண்டியானாவின் ஃபோர்ட் வெய்ன் நகரம் பர்மியரின் ஊராக மாறத் தொடங்கியது அப்போதுதான். பெரிய அலை எழுந்தது 2007-ஐ ஒட்டி. தாய்லாந்து எல்லையில் மே லா முதலான முகாம்களில் பத்து, இருபது ஆண்டுகள் அடைந்து கிடந்த கரேன், கரென்னி மக்களும், மலேசியாவில் ஆவணமின்றி ஓட்டல்களிலும் கட்டுமானத் தளங்களிலும் உழைத்துக்கொண்டிருந்த சின் மக்களும், பின்னர் ரோஹிங்கியாக்களும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அகதிகளாகக் குடியமர்த்தப்பட்டார்கள். இவர்களில் பலருக்குப் பர்மிய மொழி தாய்மொழி அன்று. தம்மைப் பர்மியர் என்று அழைப்பதையே விரும்பாதவர்களும் உண்டு, ஏனெனில் அவர்களுடைய கிராமத்தை எரித்த ராணுவத்தின் பெயரும் அதுதான்.

அகதி ஒருவரின் முதல் ஓராண்டுப் பொருளாதாரம் தனிச்சிறப்பானது. முகாமிலிருந்து புறப்படும்போதே குடும்பத் தலைவர் ஒரு கடன் பத்திரத்தில் கையெழுத்திடுகிறார்: விமானக் கட்டணம் இலவசம் அன்று, வட்டியில்லாக் கடன். பெரியவர், சிறியவர் எல்லோருக்கும் சேர்த்து அது சில ஆயிரம் டாலர் ஆகும். வந்து ஆறு மாதத்துக்குள் தவணை தொடங்கிவிடும். இறங்கிய அன்று ஒரு சிறு அடுக்கக வீடு, கட்டில்கள், சமையல் பாத்திரம், அரிசி ஆகியவற்றை மீள்குடியேற்ற நிறுவனம் ஏற்பாடு செய்துவைக்கும்; அந்த நிறுவனத்தின் நேரடிப் பொறுப்பு 90 நாட்களோடு முடிந்துவிடும். அகதிகளுக்கான தனி நிதியுதவி அந்த ஆண்டுகளில் எட்டு மாதம். ஆகவே ஆங்கிலம் கற்பது, விட்ட படிப்பைத் தொடர்வது, தொழில் பழகுவது எல்லாம் பின்னுக்குத் தள்ளப்பட்டு, கிடைக்கும் முதல் வேலையில் சேர்வதே திட்டத்தின் உள்நோக்கமாக அமைந்துவிடுகிறது. மாறாக, முதல் நாளிலிருந்தே சட்டப்படி வேலை செய்யும் உரிமையும், ஓராண்டில் நிரந்தரக் குடியிருப்பு உரிமைக்கும் ஐந்தாண்டில் குடியுரிமைக்கும் விண்ணப்பிக்கும் வழியும் அவர்களுக்கு உண்டு. ஆவணமற்ற குடியேறிகளுக்கு இல்லாத பெரும் பலம் அது.

அந்த முதல் வேலை பலருக்கு இறைச்சி ஆலையில் கிடைத்தது. 2006 டிசம்பரில் குடியேற்றத் துறை ஆறு இறைச்சி ஆலைகளில் ஒரே நாளில் சோதனை நடத்தி, ஆவணமற்ற தொழிலாளர்கள் சுமார் 1,300 பேரைக் கைதுசெய்தது. டெக்சஸின் காக்டஸ், மின்னசோட்டாவின் வொர்திங்டன் ஆகிய ஊர்கள் அப்பட்டியலில் இருந்தன. காலியான இடங்களுக்குச் சட்டபூர்வ ஆவணத்தோடு, அதே கூலிக்கு, அதே குளிரில் நிற்கக்கூடிய ஆட்கள் தேவைப்பட்டார்கள்; ஆலைகளின் கண் அகதிகள் மீது விழுந்தது. காக்டஸிலும் அமரில்லோவிலும் பர்மியர், அயோவாவின் வாட்டர்லூவில் பர்மியர், தென் டகோட்டாவின் ஹூரானில் வான்கோழி ஆலையை நம்பி வந்த கரேன் மக்கள் என்று, வரைபடத்தில் தேடிப் பிடிக்க வேண்டிய ஊர்களில் எல்லாம் பர்மியச் சமூகங்கள் முளைத்ததன் காரணம் இதுவே. அரசு குடியமர்த்திய நகரத்தை விட்டு, உறவினர் சொன்ன ஆலையைத் தேடி இரண்டாம் முறை இடம்பெயர்ந்தவர்கள் இவர்கள்.

அந்த வேலையைச் சற்று அருகில் நின்று பார்க்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டிக்குள் நிற்பது போன்ற வெப்பநிலையில், ஒரு கையில் கத்தி, மறு கையில் இரும்பு வளையங்களால் பின்னிய கையுறை, இடுப்பில் கத்தி தீட்டும் கம்பி. கொக்கியிலோ பட்டையிலோ மாமிசம் நகர்ந்து வந்துகொண்டே இருக்கும். ஒரே வெட்டு, ஒரே கோணம், சில வினாடிக்கு ஒன்று, ஒரு ஷிப்டுக்கு ஆயிரக்கணக்கில். மணிக்கட்டும் தோளும் சில ஆண்டுகளில் வலிக்கத் தொடங்கும். ஆனால் ஆங்கிலம் பேச வேண்டியதில்லை. கூலி குறைந்தபட்ச ஊதியத்தைவிட மேல். மருத்துவக் காப்பீடு உண்டு. கணவன் காலை ஷிப்டிலும் மனைவி மாலை ஷிப்டிலும் போனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேட வேண்டாம். முகாமில் வெளியே போய் வேலை செய்யும் உரிமையே இல்லாமல் பதினைந்து ஆண்டுகள் உட்கார்ந்திருந்த ஒருவருக்கு, வாரம் தவறாமல் வரும் சம்பளக் காசோலை எப்படித் தோன்றியிருக்கும் என்பதை இடைநிலை வருமானம் சொல்லாது.

இந்தக் காட்சிக்கு நேர் இணையான ஒன்றைப் அட்டவணையின் பிரெஞ்சு வரிக்கு அடியில் தோண்டினால் காணலாம். ஹ்யூகனோட்டுகள் என்ற புராட்டஸ்டன்டு வணிகர்களும் கைவினைஞர்களும் 1685-க்குப் பின் தப்பி வந்ததும், 1803-இல் நெப்போலியன் லூசியானாவை விற்றபோது அங்கிருந்த பிரெஞ்சு மக்கள் ஒரே நாளில் அமெரிக்கராக ஆனதும் தெரிந்த கதைகள். எண்ணிக்கையில் பெரிதானதும் ஏழ்மையானதுமான அலை கியூபெக்கிலிருந்து வந்தது. 1840-க்கும் 1930-க்கும் இடையில் சுமார் ஒன்பது லட்சம் பிரெஞ்சு கனடியர் எல்லையைக் கடந்து, அமெரிக்காவின் வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்தின் நூற்பாலை நகரங்களுக்கு வந்தார்கள்: லோவல், ஃபால் ரிவர், வூன்சாக்கெட், லூயிஸ்டன், மான்செஸ்டர். பிள்ளைகள் பத்து, நிலமோ துண்டு. ஆலையில் கேட்டதோ கைகள். குடும்பமாக வந்தால் ஆலைக்கு ஒரே நேரத்தில் ஐந்தாறு ஆட்கள் கிடைத்தார்கள். நம் கோயம்புத்தூர் ஆலைகளில் டாஃபர் என்று சொல்லப்படும் வேலை, நூல் நிறைந்த பாபினைக் கழற்றி வெறும் பாபினை மாட்டும் வேலை, அங்கே பன்னிரண்டு வயதுப் பையன்களுக்கும் பெண்களுக்கும் உரியதாக இருந்தது. மான்செஸ்டரின் ஆமோஸ்கீக் ஆலை உச்சத்தில் 17,000 பேருக்கு வேலை கொடுத்தது. அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் இருவர் பிரெஞ்சு கனடியர்.

அவர்களைப் பற்றி அக்காலத்து மேல்மட்டம் என்ன நினைத்தது என்பது அரசு ஆவணத்திலேயே பதிவாகியிருக்கிறது. 1881-இல் மாசசூசெட்ஸ் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் தலைவர் கரோல் ரைட், பிரெஞ்சு கனடியரைக் 'கிழக்கு மாநிலங்களின் சீனர்கள்' என்று தம் அறிக்கையில் எழுதினார். ஒட்டமாட்டார்கள், படிக்கவைக்கமாட்டார்கள், சம்பாதித்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்பவையே குற்றச்சாட்டுகள். அடுத்த ஆண்டே சீனர் குடியேற்றத்துக்குத் தடை விதித்த நாட்டில் அந்த ஒப்புமைக்கு என்ன பொருள் என்று விளக்க வேண்டியதில்லை. சமூகத் தலைவர்கள் கொதித்தெழுந்து விசாரணை கேட்டார்கள். அடுத்த அறிக்கையில் ரைட் சற்று இறங்கிவந்தார். இன்று பர்மியரோடு ஒப்பிட்டு 'முன்னேறிய' தட்டில் வைக்கப்படுகிறவர்களின் முன்னோர், ஆசியரோடு ஒப்பிட்டு இழிவுபடுத்தப்பட்டவர்கள்.

அந்தப் பள்ளத்திலிருந்து ஏற எவ்வளவு காலம் பிடித்தது? பலர் நினைப்பதைவிட அதிகம். பிரெஞ்சு கனடியரின் பள்ளிப்படிப்பு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மற்ற வெள்ளையரைவிடப் பின்தங்கியே இருந்தது. மெயின் மாநிலம் 1919-இலும் லூசியானா 1921-இலும் பள்ளிகளில் பிரெஞ்சுக்குக் கதவடைத்தன; வீட்டு மொழியில் பேசியதற்குத் தண்டனை பெற்ற தலைமுறை, தன் பிள்ளைகளிடம் அம்மொழியைப் பேசாமலே விட்டது. ஆலைகள் தெற்கே நகர்ந்தன. ஆமோஸ்கீக் 1930களின் நடுவில் மூடப்பட்டது. திருப்பம் இரண்டாம் உலகப் போரோடு வந்தது. ராணுவத்தில் சேர்ந்தவர்கள் தம் பேட்டைக்கு வெளியே உள்ள நாட்டைக் கண்டார்கள்; 1944-இன் படைவீரர் நலச் சட்டம் கல்லூரிக் கட்டணத்தைக் கொடுத்தது, வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் அளித்தது; கனெக்டிகட்டின் விமான எஞ்சின் ஆலைகளும் மெயினின் கப்பல் தளங்களும் தொழிற்சங்கக் கூலி கொடுத்தன. வந்து இரண்டு, மூன்று தலைமுறை கழித்தே 'பிரெஞ்சு' வரி நாட்டின் இடைநிலையை எட்டியது.

இடையில் அவர்கள் தாமே கட்டிய ஏணி ஒன்றும் உண்டு. வங்கிகள் ஆலைத் தொழிலாளியை ஏறெடுத்தும் பார்க்காத காலத்தில், மான்செஸ்டரின் செயின்ட் மேரி தேவாலயப் பங்கைச் சேர்ந்தவர்கள் கியூபெக்கின் அல்ஃபோன்ஸ் தெஜார்தென் வகுத்த முறையைப் பின்பற்றி 1908-இல் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கினார்கள். அமெரிக்காவின் முதல் கடன் சங்கம் அதுவே, இன்றும் இயங்குகிறது. சில்லறைச் சேமிப்பு கடனாகி, கடன் மூன்றடுக்கு மர வீடாகி, ஒரு தளத்தில் தாம் இருந்துகொண்டு மற்ற இரண்டை வாடகைக்கு விடும் வழக்கம் அந்நகரங்களில் பரவலாயிற்று. இண்டியானாபோலிஸின் தென்பகுதியில் இன்று சின் மக்களிடையே நடப்பது இதன் மறுபதிப்பு போலவே இருக்கிறது: மூன்று, நான்கு சம்பளங்களைச் சேர்த்து வீடு வாங்குவது, மளிகைக் கடை வைப்பது, சபை உறுப்பினர்கள் பணம் போட்டுத் தேவாலயக் கட்டடம் வாங்குவது. அந்நகரத்துக்கே 'சின்டியானாபோலிஸ்' என்ற செல்லப்பெயர் வழங்குகிறது.

மூன்று, நான்கு சம்பளங்கள் என்பதில் ஒரு கணக்குச் சிக்கலும் அடங்கியிருக்கிறது. ஆறு பேர் கொண்ட ஒரு வீட்டில் மூவர் வேலை செய்து ஆண்டுக்கு 66,000 டாலர் கொண்டுவருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்; தலைக்கு 11,000. பிள்ளைகள் தனியே போய்விட்ட ஒரு முதிய தம்பதிக்கு ஓய்வூதியமாக 50,000 டாலர் வருகிறது. தலைக்கு 25,000, அதுவும் கடன் தீர்ந்த வீட்டில். குடும்ப வருமானத்தில் முதல் வீடு மேலே, வாழ்க்கை வசதியில் இரண்டாம் வீடு மேலே. பர்மியக் குடும்பங்கள் பெரியவை, இளையவை. பிரெஞ்சு வம்சாவளிக் குடும்பங்கள் சிறியவை, மூத்தவை. ஆகவே குடும்ப வருமானத்தில் தெரியும் இடைவெளி, இருவருக்கும் இடையிலான உண்மையான இடைவெளியைக் குறைத்தே காட்டுகிறது. இதோடு, முகாமிலும் கிராமத்திலும் எஞ்சியிருக்கும் உறவினருக்கு அனுப்பும் பணம் எந்த அட்டவணையிலும் கழிக்கப்படுவதில்லை. 2021 பிப்ரவரி 1 ராணுவக் கவிழ்ப்புக்குப் பின் அந்தச் சுமை கூடியிருக்கிறது.

நூற்பாலையையும் இறைச்சி ஆலையையும் அருகருகே வைத்ததனால், பர்மியரும் அதே பாதையில் அதே இடத்துக்குப் போய்ச் சேர்வார்கள் என்று கொள்ளக்கூடாது. கியூபெக்கிலிருந்து வந்தவருக்கு ஊர் ஒரு நாள் ரயில் தூரத்தில் இருந்தது. வேலை இல்லாதபோது திரும்பிப் போய் உழுதுவிட்டு வரலாம். இகழப்பட்டாலும், மூன்றாம் தலைமுறையில் பெயரைச் சற்றுத் திருத்திக்கொண்டால் கூட்டத்தில் கரைந்துவிடவும் முடிந்தது. கரேன் பெண் ஒருத்திக்கு அந்த வசதி இல்லை. 1944-இல் போல் ஒரு தலைமுறையையே தூக்கிவிடும் திட்டம் இன்று கண்ணில் படவில்லை. மறுபுறம், அன்றைய பையன் பன்னிரண்டு வயதில் ஆலைக்குப் போனான். இன்றைய சின் சிறுமி பள்ளிக்குப் போகிறாள், வரி படிவத்தையும் மருத்துவக் கட்டணத்தையும் பெற்றோருக்கு மொழிபெயர்த்துச் சொல்கிறாள். இந்த ஒரு வேறுபாடு மற்ற பாதகங்களில் பாதியை ஈடுகட்டும் என்பது என் கணிப்பு.

பிரெஞ்சுத் தட்டிலும் எல்லோரும் ஏறிவிடவில்லை. எண்ணெயை நம்பிய தென் லூசியானா 1980களின் விலைவீழ்ச்சியில் அடிவாங்கியது. மாநிலத்தின் குடும்ப வருமானம் இன்றும் நாட்டின் கடைசி வரிசையில் இருக்கிறது. லூயிஸ்டனின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, பிரெஞ்சு கனடியர் நெருக்கியடித்து வாழ்ந்த நகர்மையக் குடியிருப்புகள் பாதி காலியாகக் கிடந்தன. 2001 முதல் அங்கே சோமாலிய அகதிகள் குடியேறினார்கள். மேலே சொன்ன எந்த வகையிலும் அடங்காதவர்கள் இன்று பிரான்சிலிருந்தே நேராக வருகிறவர்கள்: பட்டதாரிகள், மென்பொருள் நிறுவனங்களிலும் வங்கிகளிலும் பணியாற்றுகிறவர்கள். பிரெஞ்சு வம்சாவளி எனப்படும் பல லட்சம் பேரில் அவர்கள் ஒரு துளி.

பர்மிய வரிக்கு இனி புதியவர்கள் வந்து சேர்வது அரிதாகும். 2025 ஜனவரியில் அகதிகள் வருகை நிறுத்தப்பட்டது. ஜூன் மாதப் பயணத் தடை ஆணையில் மியான்மர் இடம்பெற்றது. இதன் விளைவாக ஒரு விந்தை நேரக்கூடும்: முகாமிலிருந்து வெறுங்கையோடு வருகிறவர்கள் இல்லாமல் போவதனாலேயே, யாருடைய சம்பளமும் கூடாமல், அச்சமூகத்தின் இடைநிலை வருமானம் வரும் ஆண்டுகளில் உயர்ந்து தெரியும். பெயரும் மாறக்கூடும். இண்டியானாபோலிஸில் பிறந்த பிள்ளைகள் இப்போது தாமே படிவம் நிரப்பும் வயதை எட்டிவருகிறார்கள். இனக் கேள்விக்கான கட்டத்துக்குள் சிலர் பர்மியர் என்றும், சிலர் சின் என்றும், சிலர் ஸோமி என்ற தம் இனப்பெயரையும் எழுதுகிறார்கள், சிலர் ஆசியர் என்பதோடு விட்டுவிடுகிறார்கள்.